கையிலிருந்த அப்பத்துக்கு நன்றி

(பிப்ரவரி மாதம் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்குமக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடப்படுகிறது.)



பிப்ரவரி மாதத்தில் நோயாளர்களை நினைப்பதற்கென்று இரண்டு நாட்கள் உண்டு. 4ஆம் தேதி உலகப் புற்றுநோய் நாள். 11ஆம் தேதி லூர்து அன்னையின் திருநாள். அந்தத் திருநாளையே உலக நோயாளர் நாளாகக் கொண்டாடவேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அறிவித்தார். இந்த இரண்டு நாட்களையும் ஒட்டிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை அழைத்தார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 5 ஆண்டுகளுக்கு முன்னால் எனக்குப் புற்றுநோய் வந்தது. மலக்குடலில் வந்தது.

இந்த உரையைப் பதிவு செய்துகொண்டிருந்த தம்பி இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். "ஃபாதர், அந்த வார்த்தையைக் கொஞ்சம் மாத்திச் சொல்லலாமா? காலையில ஜனங்க சாப்பிடுற நேரம்" என்றார். மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். வாய்க்குள் போவது எதுவும் மனிதரைத் தீட்டுப்படுத்தாது, அது வயிற்றுக்குள் போய் வெளியேறிவிடுகிறது என்று இயேசு அங்கே சீடர்களுக்கு விளக்குகிறார். ஆண்டவர் பேசியதை அவருடைய சாமியார் பேசக்கூடாதா என்று கேட்டேன். தம்பி சிரித்துவிட்டார். பதிவு தொடர்ந்தது.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கே 8 மாதம் ஆயிற்று. ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, மூலமாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதே உண்மை. மருந்துக் கடைக்குப் போய், "வீட்டுல ஒருத்தருக்கு வேணும்" என்று சொல்லிக் களிம்பு வாங்கி வருவேன். சாமியார் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? சமையல் செய்கிற அக்காவும் நானும்தான். கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்து, மூலம் அந்த அக்காவுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் மீன் வாங்கப் போன அவரை நடுச்சந்தையில் நிறுத்தி, "இப்ப எரிச்சல் எப்படி இருக்கு?" என்று அன்பாக விசாரித்திருக்கிறார். அக்கா மீனையும் வாங்காமல் நேரே என்னிடம் வந்தார். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் மறுநாள் நான் டாக்டரிடம் போனேன். என் உயிரைக் காப்பாற்றிய முதல் ஆள் அவர். அன்று மதியம் குழம்பு இல்லை.

வெட்கத்தால் ஒருவர் சாக முடியும், நேயர்களே. 1923இல் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இதே மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். தமிழ்நாட்டின் முன்னோடிப் பெண் மருத்துவர்களில் ஒருவர் அவர். தம் சொந்தத் தங்கையைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. அந்தச் சாவை அவர் மூடி வைக்கவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் சாந்தா இளம் மருத்துவராக அங்கே சேர்ந்து, 2021இல் கண்மூடும்வரை அதுவே தம் வீடு என்று இருந்தார். இன்றைக்கு நமக்கு அது பெரிய நிறுவனம். தொடக்கத்தில் அது ஒரு அக்காளின் துக்கம்.

நம் ஊரில் இந்த நோய்க்குப் பெயர் கிடையாது. 'அந்த வியாதி' என்போம். "ஆளை ஆர்.சி.சி.க்குக் கொண்டு போயாச்சு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம்தான் ஆர்.சி.சி. ஆனால் நம் மாவட்டத்தில் அந்த மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், கேட்பவர் "எத்தனை பிள்ளைகள்?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். நானும் அங்கே 5 வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போய்வந்தவன். அங்கே போய்த் திரும்பி வந்தவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இறந்துபோனவர்களுக்கு நாம் ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டுகிறோம். பிழைத்து வந்தவர்களுக்கு ஒட்டுவதில்லை. அவர்களும் வாய் திறப்பதில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டுமே. அதனால் நம் கணக்கில் போனவர்கள் எல்லோரும் செத்தவர்களாகவே தெரிகிறார்கள்.

காலைப் பாசஞ்சரில் போவேன். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு நிலையத்திலும் நம் ஆட்கள் ஏறுவார்கள். கையில் பெரிய எக்ஸ்ரே கவர் இருந்தால் எங்கே போகிறார் என்று தெரிந்துவிடும். இரண்டாம் வாரத்தில் எங்களுக்குள் ஒரு அன்பியமே உருவாகிவிட்டது. யார் இன்றைக்கு வரவில்லை என்று கேட்பது, இட்லியைப் பங்கு வைப்பது, கழிவறைக்குப் பக்கத்து இருக்கையை எனக்காகப் பிடித்து வைப்பது. கதிர்வீச்சு என் குடலைப் படுத்திய பாட்டில் எனக்கு அந்த இருக்கைதான் ஆயர் இருக்கையைவிட மேலானதாகத் தெரிந்தது.

அதில் ஒருவர் விளவங்கோடு பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வாயில் புற்றுநோய். நாக்கில் பாதியை எடுத்துவிட்டார்கள். பேச்சு வராது. பேரனுடைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றும் பென்சிலும் வைத்திருப்பார். என்னைப் பார்த்ததும் எழுதிக் காட்டுவார். முதல் நாள் எழுதியது இது: "சாமி, எனக்க வீட்டுக்காரிக்கு இப்பதான் ஜெயம். நான் எழுதி முடிக்கதுக்குள்ள அவ பத்து வார்த்த பேசிப்போடுவா." பக்கத்தில் இருந்த அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "எழுதுவரு, எழுதுவரு, கல்யாணத்துக்கு முன்ன ஒரு கடுதாசி எழுதினவரில்ல" என்றார். காலை நாலு மணிக்கு ரப்பர் தோட்டத்துக்குள் போகும்போது தூக்கம் வராமல் இருக்க வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாயில் அடக்கிக்கொள்வாராம். 30 வருடப் பழக்கம். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் குற்றவாளிதான் என்பது நமக்குப் பலருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சேர்த்துவிட்டது. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டும்போது இதை நான் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நோய் வந்தது வெளியே தெரிந்ததும் வைத்தியர்கள் பெருகிவிட்டார்கள். ஒருவர் முள்சீத்தாப்பழம் கொண்டுவந்தார். ஒருவர் லட்சுமி தரு இலை. ஒருவர் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார். எல்லாம் அன்பினால்தான், மறுக்கவில்லை. பழத்தைச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் எழுதிய மருந்தையும் விடவில்லை. ஒரு பாட்டி மட்டும் நித்தியகல்யாணிச் செடியை வேரோடு பிடுங்கி வந்து கஷாயம் போடச் சொன்னார். நம் கல்லறைத் தோட்டங்களில் தானாக முளைத்துக் கிடக்குமே, சுடுகாட்டு மல்லி என்று சொல்லி யாரும் தலையில் வைக்காத பூ, அதுதான். பாட்டி சொன்னதில் பாதி சரி. 1950களில் கனடாவில் சர்க்கரை நோய்க்கு இது மருந்தாகுமா என்று சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற மருந்துகள் ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இன்றுவரை கொடுக்கப்படுகின்றன. எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் செடியை அப்படியே அவித்துக் குடித்தால் நஞ்சு. ஆகவே யாரும் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடவேண்டாம். அடுத்த நவம்பர் 2ஆம் தேதி மெழுகுவர்த்தி ஏற்றப் போகும்போது அந்தப் பூவைக் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள், போதும்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின வாரம் என் சக குருக்கள் நான்கு பேர் வந்து எனக்கு நோயில்பூசுதல் கொடுத்தார்கள். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். நம் பெரியவர்கள் இதை 'அவஸ்தைப் பூசுதல்' என்பார்கள். சாமியார் எண்ணெய்ச் செப்போடு வீட்டுப்படி ஏறினால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம். நானே ஒரு வீட்டுக்குப் போனபோது, நோயாளி கட்டிலை விட்டு எழுந்து பின்வாசல் வழியாகத் தென்னந்தோப்புக்குள் ஓடியிருக்கிறார். ஓடும் அளவுக்கு அவருக்குத் தெம்பு வந்ததே அந்த அருட்சாதனத்தின் பலன் என்று வைத்துக்கொண்டேன். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல இது, நோயால் ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கிவிட்டது. அந்தச் சங்கத்தைக் கூட்டிய திருத்தந்தை 23ஆம் யோவான், 1962 அக்டோபர் 11 அன்று அதைத் தொடங்கிவைத்தபோது தம் வயிற்றில் புற்றுநோய் இருப்பதை அறிந்திருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று இறந்தார். பெட்டி கட்டி வைத்தாயிற்று, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று தம் மருத்துவரிடம் அவர் வேடிக்கையாகச் சொன்னதை அந்தக் காலத்துக் குருக்கள் அடிக்கடி நினைவுகூர்வார்கள்.

நான்கு சாமியார்கள் சேர்ந்து எண்ணெய் பூசிவிட்டார்கள் என்ற செய்தி எங்கள் ஊரில் எப்படிப் பரவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிகிச்சை முடிந்து 12ஆம் நாள் நான் ஊர் வந்து சேர்ந்தேன். கோவில் முகப்பில் பெரிய ஃபிளெக்ஸ். என் படம், மாலை போட்டது போன்ற பூ வேலைப்பாடு, இரண்டு மூலையிலும் மெழுகுவர்த்தி. மேலே 'வருக வருக' என்று எழுதியிருந்தது. வருக என்பதற்கு எதற்கு மெழுகுவர்த்தி? நான் ஊருக்கு வருவதே அன்று காலையில்தான் தெரியும். அதற்குள் எப்படி அடித்தீர்கள் என்று இளைஞர் இயக்கத் தம்பியைக் கேட்டேன். அவன் காலால் மண்ணைக் கீறிக்கொண்டே நின்றான். அப்புறம் சொன்னான்: "ஃபாதர், டிசைன் முன்னாலேயே ரெடி. எழுத்த மட்டுந்தான் மாத்தினோம்." அந்தப் படத்தில் நான் மிகவும் நன்றாக இருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். உயிரோடு இருக்கும்போது யாரும் அவ்வளவு நல்ல படத்தைத் தேடி எடுப்பதில்லை.

அன்று சிரித்தபோது தையல் வலித்தது. ஆனால் அதுவரை என்னைப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகிப் போன பங்குமக்கள் அன்றுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினார்கள். அப்போதுதான் எனக்கு நடிகர் இன்னசென்டின் ஞாபகம் வந்தது.

மலையாளப் படம் பார்க்கிற நம் மேற்குப் பகுதி மக்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழில் 'லேசா லேசா' படத்தில் வந்திருக்கிறார். 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் சில காட்சிகளை நம் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எடுத்தார்கள். அதிலும் அவர் உண்டு. இரிஞ்ஞாலக்குடாவில் பிறந்த கத்தோலிக்கர். 8ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தாவணகெரேயில் தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்திப் பார்த்து, பிறகு சினிமாவில் நூற்றுக்கணக்கான படங்களில் மக்களைச் சிரிக்க வைத்தவர். 2012இல் அவருக்குப் புற்றுநோய் வந்தது. அடுத்துச் சில காலத்தில் அவர் மனைவிக்கும் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள்.

ஒரு நகைச்சுவை நடிகருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு என்று நினைக்கிறேன். அவரைப் பார்த்ததும் ஜனங்கள் பரிதாபப்படத் தொடங்கினால், அவர் தொழிலே போயிற்று. பரிதாபப்படுகிறவன் சிரிக்கமாட்டான். அதனால் மறைத்து வைப்பதே புத்திசாலித்தனம். இன்னசென்ட் மறைக்கவில்லை. 'கான்சர் வார்டிலெ சிரி', அதாவது புற்றுநோய் வார்டில் சிரிப்பு என்று தம் அனுபவத்தைப் புத்தகமாகவே போட்டார். அதன் ஒரு பகுதி கேரளப் பள்ளிப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து புற்றுநோய் என்ற வார்த்தையைச் சிரித்துக்கொண்டே வாசித்தார்கள் என்றால், நாம் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற விஷயம் அல்லவா அது! சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் நடித்தார். 2014இல் சாலக்குடி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். தொகுதி நிதியில் அரசு மருத்துவமனைகளுக்கு மார்பகப் பரிசோதனைக் கருவிகள் வாங்கிக் கொடுத்தார். சிரிப்பு அங்கே வெறும் சிரிப்பாக நிற்கவில்லை.

2023 மார்ச் 26 அன்று 75 வயதில் அவர் இறந்தார். இரிஞ்ஞாலக்குடா புனித தோமா பேராலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறையில், அவர் நடித்த பாத்திரங்களின் உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். செபம் சொல்ல வருகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கவேண்டியிருக்கும்.

இனி நான் சொல்லப்போவதை வானொலியில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அறுவைச் சிகிச்சைக்குப் பின் குடல் ஆறுவதற்காகச் சில மாதங்கள் கழிவை வயிற்றின் பக்கவாட்டில் திருப்பி விடுவார்கள். அங்கே ஒரு பை ஒட்டியிருக்கும். பிறகு மறுபடி இணைத்துவிடுவார்கள். சிலருக்கு அது ஆயுள் முழுக்க இருக்கும். அந்தப் பையை நாம் கட்டுப்படுத்த முடியாது. அது தன் இஷ்டத்துக்குச் சத்தம் போடும். நான் திருப்பலி வைக்கத் தொடங்கிய இரண்டாம் ஞாயிறு, திருவிருந்துக்குப் பிறகு எல்லோரும் மௌனமாக இருக்கும் நேரம். மின்விசிறி ஓடுவதுகூடக் கேட்கும். மைக் என் சட்டையில். பை ஒரு நீண்ட சத்தம் போட்டது. பக்கத்தில் நின்ற பீடச்சிறுவன், 9 வயதுப் பையன், என்னை நிமிர்ந்து பார்த்து, "ஃபாதர், காலையில சாப்பிடலியா?" என்றான். அதுவும் மைக்கில் போயிற்று.

ஒளிந்துகொள்ள இடமில்லை. பீடத்தின் முன்னால் வந்து, எனக்கு என்ன ஆயிற்று, அந்தப் பை எதற்கு, அது ஏன் சத்தம் போடுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். 8 மாதம் களிம்பு வாங்கிய கதையையும் சொன்னேன். சமையல் அக்கா முதல் வரிசையில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கோவில் முழுக்கச் சிரிப்பு.

அந்த வாரம் வியாழக்கிழமை இருட்டிய பிறகு ஒரு பெரியவர் என் அறைக்கு வந்தார். 2 வருடமாகக் கோவிலுக்கு உள்ளே வராதவர். திருப்பலி நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் ஒருமுறை வீடு சந்திக்கப் போனபோது, பெரியவர்களே இப்படி இருந்தால் பேரப்பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று அவரைக் கடிந்துகொண்டதும் உண்டு. அவர் கதவைச் சாத்தினார். வேட்டியை லேசாக விலக்கிக் காட்டினார். அவருக்கும் பை. 2 வருடமாக. வீட்டில் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. கோவிலுக்குள் சத்தம் வந்துவிடுமோ, நாற்றம் வந்துவிடுமோ என்று பயந்து வெளியே உட்கார்ந்திருக்கிறார். பழைய துணியை வைத்துக் கட்டிச் சமாளித்திருக்கிறார். தோல் வெந்து போயிருந்தது. "சாமி, உமக்க பை எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

அவரைக் கடிந்த அந்த நாளை நான் இன்னும் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு அவர் உள்ளே வந்து என் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்தார். மௌன நேரத்தில் எங்கோ ஒரு சத்தம் கேட்டது. அவருடையதா என்னுடையதா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

தொடக்கநூலில் சாரா சிரித்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். வயதான காலத்தில் குழந்தை பிறக்கும் என்று கேட்டுக் கூடாரத்துக்குள் நின்று சிரிக்கிறார். கேட்டதும் பயந்துபோய், சிரிக்கவில்லை என்று மறுக்கிறார். கடவுள் கோபப்படவில்லை. இல்லை, நீ சிரித்தாய் என்று மட்டும் சொல்கிறார். பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயர். எபிரேயத்தில் அது சிரிப்பைக் குறிக்கும் பெயர். குருமடத்தில் இதைப் படித்தபோது மதிப்பெண்ணுக்காகப் படித்தேன்.

ஆனால் ஒன்று. நோயாளியைப் பார்த்துச் சிரியுங்கள், தைரியமாக இருங்கள், எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். சிரிப்பு அவருடைய உரிமை, நாம் கேட்டு வாங்கும் கடன் அல்ல. அந்தப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நோய் திரும்பி வந்துவிட்டது. கடைசியாக அவர் வீட்டுக்குப் போனபோது, பழைய பழக்கத்தில் நான் ஏதோ வேடிக்கையாகப் பேசத் தொடங்கினேன். அவர் நோட்டை எடுத்தார். "இன்னைக்கு வேண்டாம் சாமி" என்று எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கெத்சமனியில் இயேசுவும் சிரிக்கவில்லை. துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று வியர்வை சிந்த மன்றாடினார். சீடர்களிடம் அவர் கேட்டது விழித்திருக்க மட்டும்தான். அதையும் அவர்கள் செய்யவில்லை.

நன்றியும் அப்படித்தான். புற்றுநோய்க்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நற்கருணை என்று நாம் சொல்வதற்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்று பொருள். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில் இயேசு நன்றி செலுத்தினார். எதற்கு? யூதாசின் துரோகத்துக்கு அல்ல. மறுநாள் வரப்போகிற சிலுவைக்கும் அல்ல. கையில் அப்பம் இருந்தது, அதை எடுத்து நன்றி செலுத்தினார். இரவு என்னவோ கெட்ட இரவுதான். பாசஞ்சர் ரயிலில் கிடைத்த பாதி இட்லிக்கும், கழிவறைப் பக்கத்து இருக்கைக்கும், நடுச்சந்தையில் நலம் விசாரித்த மருந்துக் கடைக்காரருக்கும் நான் நன்றி சொன்னது இந்தக் கணக்கில்தான்.

லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் குணமாகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறார். அந்த ஒன்பது பேரைத் திட்டி நான் எத்தனையோ மறையுரை வைத்திருக்கிறேன். நோய் வந்த பிறகுதான் கவனித்தேன்: நன்றி சொல்லாத ஒன்பது பேருக்கும் நோய் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. அவர்களும் குணமானவர்களாகவே வீடு போய்ச் சேர்ந்தார்கள். செபம் போதவில்லை, விசுவாசம் போதவில்லை, அதனால்தான் நோய் போகவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த ஒன்பது பேரை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

நேரம் முடியப் போகிறது, தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டுகிறார். வாயில் 3 வாரமாக ஆறாத புண், மலத்தில் ரத்தம், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு வரும் ரத்தப்போக்கு, காரணமில்லாமல் உடல் இளைப்பது, இதில் எது இருந்தாலும் களிம்புக் கடைக்குப் போகாதீர்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, நெய்யூரில் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. முதலில் அருகிலிருக்கும் ஒரு டாக்டரிடம் போய் அந்த வார்த்தையை வாய் திறந்து சொல்லுங்கள்.

வருகிற வியாழக்கிழமை எனக்கு 5ஆம் வருடப் பரிசோதனை. வழக்கமான காலைப் பாசஞ்சரில்தான் போகிறேன். பயமில்லை என்று சொன்னால் அது மருந்துக் கடையில் சொன்ன பொய் மாதிரி ஆகிவிடும். நேற்று இரவு அந்த இளைஞர் இயக்கத் தம்பியிடம் சொன்னேன். அவன் இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன். "போய்ட்டு வாங்க ஃபாதர்" என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "அந்தப் போட்டோவ நான் இன்னும் அழிக்கல, கேட்டேளா" என்றான்.